காந்தலில் உறைபனி: வீட்டுக்குள் இருக்கும் முயல்களுக்கு என்ன செய்வது?

கேள்வி: கோவையிலிருந்து வந்தவர்

நவம்பர் கடைசியில் கோவையிலிருந்து ஊட்டிக்கு மாற்றலாகி வந்தோம். காந்தலில் பழைய ஓட்டு வீடு, சிவப்புச் சிமெண்டுத் தரை. எங்களோடு இரண்டு முயல்களும் வந்திருக்கின்றன. வெள்ளை முயலின் பெயர் ரவை, கறுப்பின் பெயர் மிளகு. ஏழு வயது மகள் வைத்த பெயர்கள். இரண்டுக்கும் இரண்டு வயது ஆகிறது, ஒவ்வொன்றும் இரண்டு கிலோ இருக்கும். கூண்டு கூடத்தில் இருக்கிறது. பகலில் திறந்துவிடுவோம்.

கோவையில் எங்கள் கவலையெல்லாம் ஏப்ரல், மே வெயில்தான். ஈரச் சாக்கும் மேசை விசிறியுமாகச் சமாளித்தோம். இங்கே எல்லாம் தலைகீழ். நேற்றுக் காலை ஸ்கூட்டர் இருக்கையில் தூள் உப்பைத் தூவியதுபோல் வெள்ளை படிந்திருந்தது. கூடத்து வெப்பமானி விடியற்காலை ஐந்து மணிக்கு 9 டிகிரி காட்டியது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து ரவையின் காதைத் தொட்டேன், பனிக்கட்டி மாதிரி இருந்தது. அப்புறம் எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதுவரை செய்ததைச் சொல்லிவிடுகிறேன். கூண்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினேன். மகளின் பழைய கம்பளிக் குல்லாவை வெட்டி ரவைக்குச் சட்டைபோல மாட்டினோம். பத்து நிமிடத்தில் ஓரத்தைக் கடித்துப் பிரித்துவிட்டது. சிவக்கக் காயும் கம்பி ஹீட்டர் வாங்கி இரவு முழுவதும் போடலாமா என்று யோசிக்கிறேன். வீட்டுச் சொந்தக்காரர் கரி அடுப்பு தருகிறேன் என்கிறார். மிளகு இரண்டு நாளாக அவ்வப்போது தும்முகிறது, ஆனால் சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. மலையில் முயல் வளர்ப்பவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். ஜனவரி இன்னும் மோசமாக இருக்கும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: கோத்தகிரிக்காரர்

ஹீட்டர் வைத்தால் ஒயரை முயலுக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரே இரவில் தொலைபேசி ஒயர், இஸ்திரிப்பெட்டி ஒயர் இரண்டும் போயின. இஸ்திரிப்பெட்டி சுவிட்சில் செருகாமல் இருந்ததால் முயல் பிழைத்தது.

பதில்: குன்னூரிலிருந்து ஒருவர்

தும்மலுக்கு நீலகிரித் தைலம் இரண்டு சொட்டு எடுத்து மார்பில் தடவுங்கள். ஒரு மூடி பிராந்தியை வெந்நீரில் கலந்து புகட்டினால் குளிர் போய்விடும். என் தாத்தா நாய்க்குட்டிகளுக்கு இதைத்தான் கொடுப்பார்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை, தலைகுந்தா

தம்பி, முதலில் அந்தத் தைலத்தையும் பிராந்தியையும் மறந்துவிடுங்கள். குன்னூர்க்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது. முயல் நாள் முழுவதும் தன் உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி. மார்பில் தடவிய தைலம் அரை மணியில் வயிற்றுக்குள் போய்விடும். போதாக்குறைக்கு அந்த நெடி மூக்கை இன்னும் எரிக்கும். பிராந்தி உடம்பின் மேல்பக்கம் சூடேறியதுபோலக் காட்டி, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விட்டுவிடும். நாய்க்காவது வாந்தி எடுக்கத் தெரியும். முயலால் வாந்தி எடுக்கவே முடியாது, உள்ளே போனது போனதுதான்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இருபது வருடங்களுக்கு மேலாக இந்தத் தலைகுந்தாக் குளிரில் முயல் வளர்க்கிறேன். இங்கே டிசம்பர், ஜனவரியில் புல்வெளி முழுவதும் வெளுத்துக் கிடக்கும். இத்தனை வருடத்தில் குளிரால் மட்டும் ஒரு முயலைக்கூட இழந்ததில்லை. நான் இழந்த முதல் முயல் ஜூலை மாதத்தில் போனது. தென்மேற்கு மழை, நாள்கணக்கில் மூடுபனி. அதற்குக் குளிருமே என்று நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டி, ஜன்னலையும் சாத்திவிட்டேன். உள்ளே மூத்திரத்தின் காட்டம் ஏறியது, வைக்கோல் ஈரம் பிடித்தது. எனக்கு அந்த வாடை பழகிப்போய்விட்டது. அதற்கு மூக்கு ஒழுக ஆரம்பித்துப் பத்து நாளில் நெஞ்சில் இறங்கிவிட்டது. அது என் அதிகப்படியான அக்கறையில் செத்துப்போனது. அதனால்தான் நீங்கள் தார்ப்பாய் என்று எழுதியதும் எனக்குப் பகீரென்றது. இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். பின்பக்கமும் ஒரு பக்கவாட்டும் மறைந்திருந்தால் போதும். மேலேயும் முன்னாலும் காற்று புழங்க வேண்டும்.

முயலுக்குச் சுகமான வெப்பநிலை ஏறக்குறைய 10 முதல் 20 டிகிரி. உங்கள் கூடத்தில் விடியற்காலையில் 9 என்றால் அது ஒன்றும் ஆபத்தான எண் அல்ல. உண்மையில் முயலுக்கு வெயில்தான் எமன். 30 டிகிரிக்கு மேல் போனால்தான் அது திணறும். சமவெளிப் பண்ணைகளில் கோடையில் ஆண் முயல்கள் இனவிருத்திக்கே உதவாமல் போவதுண்டு. இங்கே பக்கத்தில் சாண்டிநல்லா செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்திலும், கொடைக்கானல் மன்னவனூர் ஆராய்ச்சி மையத்திலும் முயல் வளர்க்கிறார்கள். மலைக் குளிர் முயலுக்கு ஒத்துக்கொள்ளும்.

ஆனால் உங்கள் முயல்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. அவை கோவை ரோமத்தோடு ஊட்டிக்கு வந்திருக்கின்றன. குளிர்காலத்து அடர்ந்த ரோமம் முளைக்கச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரைக்கும் கொஞ்சம் கைகொடுக்க வேண்டும். இப்போது சீப்பு போட்டு அழுந்த வாராதீர்கள். குளிப்பாட்டவும் வேண்டாம். (எந்தக் காலத்திலுமே வேண்டாம்.)

காது பற்றிச் சொல்கிறேன். முயலின் காதுதான் அதன் ஜன்னல். வெயிலில் அதைத் திறந்து சூட்டை வெளியேற்றும், குளிரில் இரத்தக் குழாய்களைச் சுருக்கி மூடிக்கொள்ளும். ரவையின் காதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வெள்ளை முயலுக்கு நன்றாகத் தெரியும். கோவையில் சிவந்த நரம்புகளாகப் பார்த்திருப்பீர்கள், இப்போது நூல்போல மெலிந்திருக்கும். ஆகவே காது ஜில்லென்று இருப்பது அது ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். உள்ளே உடம்பு 38.5 முதல் 40 டிகிரி வரை இருக்கும். இரவில் எழுந்து தொட்டே ஆக வேண்டுமென்றால் வயிற்றுக்கு அடியில் கைவைத்துப் பாருங்கள். காதும் பாதமும் சில்லிட்டு, அதோடு முயல் உடம்பைக் குறுக்கி ஒரே இடத்தில் உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தாலோ, கொடுத்த தழையை முகர்ந்து பார்க்காமல் இருந்தாலோ, அப்போதுதான் பயப்பட வேண்டும்.

வெப்பமானியைப் பார்ப்பதைவிடப் புழுக்கையைப் பாருங்கள். நான் தினமும் காலையில் கூண்டைப் பெருக்கும்போது ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்ப்பேன். என் மருமகள் முகம் சுளிப்பாள், சுளிக்கட்டும். கொண்டைக்கடலை அளவில், உருண்டையாக, நசுக்கினால் காய்ந்த புல்லின் நார் தெரியும்படி உதிர்ந்தால் எல்லாம் சரி. மிளகு அளவுக்குச் சிறுத்து (உங்கள் மிளகைச் சொல்லவில்லை) கறுத்து இறுகியிருந்தால் அது தண்ணீர் குடிக்கவில்லை, அல்லது புல் தின்னவில்லை. பன்னிரண்டு மணிநேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் குடல் நின்றுபோகிறது என்று அர்த்தம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது, உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். முயல் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் யார் என்று இப்போதே விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள். நாய் பார்ப்பவர்கள் எல்லோரும் முயல் பார்ப்பதில்லை. இன்னொன்று: பிள்ளைக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் மருந்து மிச்சமிருக்கிறதே என்று வாயில் ஊற்றிவிடாதீர்கள். அது முயலின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்று முயலையும் கொன்றுவிடும்.

அடுத்தது தண்ணீர். இங்கே குழாய்த் தண்ணீர் காலையில் பல்லைக் கூசவைக்கும், நமக்கே குடிக்க மனம் வராது. உருட்ட முடியாத கனமான மண் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், காலை ஒரு முறை, இரவு ஒரு முறை. எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதும் உடனே தெரியும்.

தரைதான் உங்கள் வீட்டில் எதிரி. சிவப்புச் சிமெண்டு இரவு முழுவதும் குளிரைக் கக்கும். முயலுக்கு நாய்போலப் பாதத்தில் சதைத் திண்டு கிடையாது, வெறும் ரோமம்தான். ஈரத் தரையில் நின்றால் பின்னங்கால் புண்ணாகிவிடும். கூண்டை இரண்டு செங்கல் உயரத்துக்குத் தூக்கிப் பலகைமேல் வையுங்கள். உள்ளே ஒரு சாக்கு, அதன்மேல் நாளிதழ் நான்கைந்து தாள், அதன்மேல் கை புதையும் அளவுக்கு வைக்கோல். ஈரமான மூலையைத் தினமும் மாற்ற வேண்டும். உங்கள் மூக்கைக் கூண்டுக்குள் அதன் மூக்கு இருக்கும் உயரத்தில் கொண்டுபோய் வைத்து ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள். கண் கரித்தால் அதற்கும் கரிக்கிறது. மரத்தூள் மலிவாகக் கிடைக்கிறதே என்று தைலமரத் தூளை வாங்கிப் போடாதீர்கள், அந்த வாசனையும் மூச்சுக்கு ஆகாது.

கூண்டுக்குள் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள். இரண்டும் ஒட்டி உட்கார்ந்தால் நிறையும் அளவு போதும், அரண்மனை வேண்டாம். சிறிய இடம்தான் அவற்றின் உடம்புச் சூட்டிலேயே கதகதப்பாகும். வாசல் இரண்டு இருக்கட்டும். இரண்டு முயல் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம், ஒன்றுக்கொன்று போர்வை.

காற்று எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வேலை செய்யுங்கள். முயல்களை வேறு அறைக்கு மாற்றிவிட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கூண்டு இருக்கும் இடத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடியுங்கள். நாம் நிற்கும் உயரத்தில் புகை நேராகப் போகும், கீழே கொண்டுபோனால் வளைந்து ஓடும். எங்கள் வீட்டில் அது சமையலறைக் கதவின் அடியிலிருந்து வந்தது. பழைய சேலையைச் சுருட்டி, உள்ளே மணல் வைத்துத் தைத்துக் கதவடியில் போட்டேன். கூண்டை நகர்த்தக்கூட வேண்டியிருக்கவில்லை. ஜன்னலுக்கு நேர் கீழே மட்டும் வைக்காதீர்கள். இரவில் கண்ணாடி வழியாகக் குளிர் இறங்கும், பகல் பன்னிரண்டு மணிக்கு அதே கண்ணாடி வழியாக வெயில் சுள்ளென்று அடிக்கும். உறைபனிக் காலத்துப் பகல் வெயிலை நம்பவே முடியாது.

கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். முயலுக்காகச் சொல்லவில்லை, உங்கள் மகளுக்காகச் சொல்கிறேன். மூடிய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாடையே கிடையாது. குளிருக்காகக் கணப்பை உள்ளே வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழாமல்போன செய்திகளை மலையில் இருப்பவர்கள் படித்திருக்கிறோம். முயல் தரையோடு மூச்சு விடுகிற பிராணி, அதற்குச் சாம்பிராணிப் புகைகூட அதிகம்தான்.

கம்பி ஹீட்டரும் தேவையில்லை. இரவெல்லாம் சூட்டில் வைத்துவிட்டு நடுவில் மின்சாரம் போனால் திடீர்க் குளிர்தான் அதைப் படுத்தும். ரொம்பக் குளிரும் இரவில் நான் செய்வது இதுதான்: ஸ்டீல் தண்ணீர் பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, தடித்த துண்டால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் வைப்பேன். ரப்பர் பை வைத்தால் கடித்து ஓட்டை போட்டுவிடும், ஸ்டீலை என்ன செய்யும்? ஒரு மூலையில் மட்டும் இருக்க வேண்டும், வேண்டாமென்றால் அது நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். கம்பளிச் சட்டை வேண்டாம். கடித்த நூல் குடலில் சிக்கும்.

சாப்பாட்டில் ஒரே மாற்றம்தான். இரவு பத்து மணிக்குப் படுக்கும் முன் ஒரு கூடை காய்ந்த புல் கூடுதலாகப் போடுங்கள். முயலின் குடலோடு ஒட்டிப் பெரிய பை ஒன்று இருக்கிறது. தின்ற நார் அதில் கிடந்து நொதிக்கும்போது சூடு பிறக்கும். அதுதான் அதற்கு இயற்கை கொடுத்த கணப்பு, புல்தான் விறகு. குதிரை மசால் என்னும் தீவனத் தழை, வளரும் குட்டிக்குச் சரி; இரண்டு வயது முயலுக்கு அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். ஊட்டிக்கு வந்துவிட்டோம், கேரட் மலிவு என்று அள்ளிக் கொடுக்காதீர்கள், அது சர்க்கரை. விரல்நுனி அளவு ஒரு துண்டு போதும். ஆனால் கேரட் தழை அருமையான தீனி. கேத்திப் பக்கம் அறுவடை நடக்கும்போது கேட்டால் கொடுப்பார்கள். நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக் கொடுங்கள். வெளியே அறுக்கும் புல்லைக் காலையில் தொடாதீர்கள். பனி உருகி, வெயிலில் உலர்ந்து, பத்து பதினொரு மணி ஆகட்டும்.

மிளகின் தும்மல்: அதன் முன்னங்கால்களின் உட்புறத்தைப் பாருங்கள். முயல் மூக்கைத் துடைக்க அதைத்தான் பயன்படுத்தும். அங்கே ரோமம் சடைபிடித்து, பசைபோல ஒட்டியிருந்தால் சளி இருக்கிறது, மருத்துவரிடம் காட்டுங்கள். உலர்ந்து சுத்தமாக இருந்தால் வைக்கோல் தூசியாக இருக்கலாம். தார்ப்பாய் கட்டிய அன்றுதான் தும்மல் தொடங்கியதா என்று யோசித்துப் பாருங்கள்.

பதில்: ஸ்காபரோவிலிருந்து

நான் கனடாவில் இருக்கிறேன். எங்களுக்கு நேர்மாறான தொல்லை. வெளியே மைனஸ் 20, வீட்டுக்குள்ளே 21 டிகிரி, காற்று அப்பளம்போலக் காய்ந்துகிடக்கும். சூடான காற்று வரும் தரைத் துவாரத்துக்குப் பக்கத்தில் கூண்டு இருந்தபோது எங்கள் முயல் நடுக்குளிர்காலத்தில் கொத்துக்கொத்தாக ரோமம் உதிர்த்தது. அறையின் மறுகோடிக்கு மாற்றினோம். மருத்துவரிடம் கொண்டுபோகும் நாளில் முதலில் காரைச் சூடாக்கிவிட்டுத்தான் அதை வெளியே எடுப்போம். டீச்சர் அம்மா சொன்ன ஸ்டீல் பாட்டிலை இங்கேயும் செய்யப்போகிறேன்.

கேள்வி கேட்டவர், ஒன்பது நாள் கழித்து

அம்மா, சொன்னபடியே செய்தேன். தார்ப்பாயை அவிழ்த்த மூன்றாம் நாள் தும்மல் நின்றுவிட்டது. முன்னங்கால் சுத்தமாகத்தான் இருந்தது. நீங்கள் கேட்டது சரி, தார்ப்பாய் கட்டிய மறுநாள்தான் தும்மல் ஆரம்பித்திருந்தது. ஊதுபத்தி பிடித்துப் பார்த்தேன், வாசல் கதவின் அடியில் இரண்டு விரல் சந்து. மனைவி பழைய புடவையில் பாம்பு தைத்துவிட்டாள், மகள் அதற்குக் கண் வரைந்திருக்கிறாள். கரி அடுப்பை வேண்டாம் என்று சொன்னதில் வீட்டுச் சொந்தக்காரருக்குக் கொஞ்சம் வருத்தம்.

புழுக்கை நசுக்கும் வேலையை மகள் தனக்கு வேண்டும் என்று எடுத்துக்கொண்டாள். தினமும் பள்ளிக்குப் போகும் முன் எனக்கு அறிக்கை தருகிறாள்.

ஒரே ஒரு குறை. பெட்டி வைத்தேன், ரவை உள்ளே போய்ச் சுகமாகப் படுத்துக்கொள்கிறது. மிளகு உள்ளே போவதே இல்லை. பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. நேற்று இரவு வெளியே 2 டிகிரி. அது மட்டும் கூரைமேல் காவல்காரன்போல. பிடித்து உள்ளே விட்டாலும் வெளியே வந்துவிடுகிறது. குளிராதா?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை, தலைகுந்தா

வாசல் எத்தனை வைத்தீர்கள், தம்பி?

கேள்வி கேட்டவர்

ஒன்றுதான் அம்மா. இரண்டு வைத்தால் குளிர்காற்று உள்ளே புகும் என்று நினைத்தேன்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை, தலைகுந்தா

அதுதான் விஷயம். ரவை வாசலுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டு வழி மறிக்கும். தப்பிக்க வேறு வழியில்லாத பொந்துக்குள் எந்த முயலும் நிம்மதியாகத் தூங்காது. பின்பக்கம் சுவர் ஓரமாக இன்னொரு வாசல் வெட்டுங்கள். மிளகின் தோள் நுழையும் அளவு போதும். வெட்டிய விளிம்பில் ஒட்டுத்தாள் இருந்தால் உரித்துவிடுங்கள், அதைத் தின்றுவிடும். அதுவரைக்கும் பெட்டியின்மேல் ஒரு சாக்கை மடித்துப் போடுங்கள், காவல்காரருக்கு ஆசனம் வேண்டாமா?